ஹோவா லோ சிறை நிர்வாகத்தினருக்கு: ஸ்டாக்டேலுக்கும் ஒரு பலகை வையுங்கள்

ஹனோய் நகரில் ஹோவா லோ சிறை நினைவிடத்தை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். உங்கள் சிறையைச் சுற்றுலாப் பயணியாக வந்து பார்த்துவிட்டுப் போன இந்தியர்களில் நானும் ஒருவன். அமெரிக்கன் இல்லை, படையில் இருந்தவனும் இல்லை. உங்கள் போர் நடந்த காலத்தில் 'உன் பெயர் என் பெயர் வியட்நாம்' என்று கல்கத்தாத் தெருக்களில் முழக்கம் எழுந்த நாட்டிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவுக்கே ஹோ சி மின் பெயரை வைத்து, அவர்கள் தங்கள் முகவரியிலேயே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும்படி செய்த குறும்புக்காரர்கள் எங்கள் ஆட்கள். உங்கள் சிறையில் கிடந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஸ்டாக்டேலைப் பற்றி ஒரு பலகை வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன், அதனால் இதை எதிர்முகாமின் புகார் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

உங்கள் சிறையில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தைக் காட்டியிருக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கால்களும் விலங்கில் மாட்டப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் கைதிகளின் உருவங்கள், இருட்டுத் தனிக்கொட்டடிகள், தலைவெட்டும் கில்லட்டின், 1945 மார்ச்சில் கைதிகள் தப்பித்துப் போன சாக்கடைக் குழாயின் துண்டு. முற்றத்தில் நிற்கும் வாதுமை மரத்தின் இலையையும் பட்டையையும் அவர்கள் மருந்தாக்கிக்கொண்டதைச் சொல்லும் பலகையைப் படித்துவிட்டு அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். விடுதலைப் போராட்டத் தலைவர் ஃபான் போய் சாவ் அடைபட்டிருந்த சிறை அது. பின்னாளில் உங்கள் நாட்டையே நடத்திய லே ஸுவானும் ட்ருவோங் சின்னும் அங்கே கிடந்தவர்கள்தான். விலங்கு மனிதனை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள உங்கள் கட்டடத்தைவிட நல்ல இடம் ஆசியாவில் அதிகம் இருக்காது.

பிரச்சினை அடுத்த அறைகளில்தான். அமெரிக்க விமானிகளின் அறைகளுக்குள் நுழைந்ததும் காற்றே மாறிவிடுகிறது. கைதிகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள், கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்னின் விமானி உடை என்று ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. நாடு கஷ்டத்தில் இருந்தபோதும் அரசு அவர்களுக்கு நல்ல வாழ்க்கை வசதி செய்து கொடுத்தது என்கிறது விளக்கம். நாலு அடி முன்னால் விலங்கைப் பார்த்துக் கலங்கிய பார்வையாளன், இங்கே வந்ததும் ஏதோ கோடை முகாம் ஆல்பத்தைப் புரட்டுகிறவன்போல் ஆகிவிடுகிறான்.

அந்தப் படங்கள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. கேமராவுக்காக ஏற்பாடு செய்தவை உண்டு. 1969 கடைசிக்குப் பிறகு கைதிகளின் நிலைமை உண்மையிலேயே மாறியதும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகள் உங்கள் சுவரில் எங்குமே இல்லை. அந்த ஆண்டுகளைத் தன் உடம்பிலேயே சுமந்தவரும் இல்லை. ஜேம்ஸ் பாண்ட் ஸ்டாக்டேல். பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், 1923இல் இல்லினாய் மாநிலத்தின் அபிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தபோதே வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் உளவாளிக் கதை வந்ததெல்லாம் அப்புறம்தான்.

அவரைப் பற்றிப் பலகை வைப்பது உங்களுக்கே நல்லது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு 1964க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்டாக்டேல், டைகான்டரோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போர் விமானப் பிரிவு ஒன்றின் தலைவர். ஆகஸ்ட் 2 அன்று டோன்கின் வளைகுடாவில் உங்கள் டார்பிடோ படகுகள் மூன்று, மேடாக்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை நெருங்கித் தாக்கின. அந்தப் படகுகளைச் சுட வந்த விமானங்களுக்குத் தலைமை ஏற்றவர் அவர். அது நடந்த சம்பவம், இரு தரப்புக்கும் அதில் மறுப்பில்லை. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4 இரவு, மேடாக்ஸும் டர்னர் ஜாய் என்ற இன்னொரு கப்பலும் மறுபடி தாக்கப்படுவதாகச் செய்தி வந்தது. ஸ்டாக்டேல் மீண்டும் பறந்தார். மழை மேகம், நிலவில்லாத இருட்டு. கப்பல்களுக்கு மேலே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாழப் பறந்து தேடினார். படகு இல்லை, படகு போன தடமும் இல்லை. இல்லாத இலக்கை நம் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருக்கின்றன என்று திரும்பி வந்து சொன்னார்.

மறுநாள் காலை அவரை எழுப்பி, பதிலடித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எதற்குப் பதிலடி என்று தனக்குள் கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனாலும் போனார். வின் நகரத்து எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. அதே நாளில் ஹோன் காய் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட எவரெட் ஆல்வரெஸ்தான் உங்களிடம் சிக்கிய முதல் அமெரிக்கக் கடற்படை விமானி. எட்டரை ஆண்டு உங்களிடம் இருந்தார். ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க நாடாளுமன்றம், கீழவையில் ஒரு எதிர் ஓட்டுகூட இல்லாமலும் மேலவையில் இரண்டே எதிர் ஓட்டுகளோடும், அதிபர் ஜான்சனுக்குப் போர் நடத்தும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது.

நடக்காத ஒரு தாக்குதலுக்காக. அதை மேலேயிருந்து பார்த்த சாட்சியை ஒரு வருடம் கழித்து நீங்களே சிறையில் அடைத்தீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

1965 செப்டம்பர் 9. இப்போது அவர் ஒரிஸ்கனி கப்பலின் மொத்த விமான அணிக்கும் தலைவர், வயது 41. அவர் ஓட்டி வந்த ஏ-4 விமானத்தைத் தான்ஹோவா மாகாணத்தில் உங்கள் துப்பாக்கிகள் வீழ்த்தின. பாராசூட்டில் இறங்கும் அந்தச் சில நொடிகளில் அவர் நினைத்தது எபிக்டெட்டஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதியை. ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது தத்துவப் பேராசிரியர் ஒருவர் கையில் கொடுத்த சின்னப் புத்தகம் அவரோடு கப்பல் கப்பலாக வந்திருந்தது. தொழில்நுட்ப உலகத்தை விட்டு எபிக்டெட்டஸின் உலகத்துக்குள் போகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். எபிக்டெட்டஸ் ஓர் அடிமை, கால் ஊனமானவர். ஸ்டாக்டேல் விழுந்தது ஒரு ஊரின் தெருவில். ஓடி வந்தவர்கள் அடித்ததில் கால் முறிந்தது, கடைசிவரை அந்தக் கால் மடங்கவில்லை. ஊர் மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே குண்டு போட்டுக்கொண்டிருந்தவன் கையில் கிடைத்தால் எந்த ஊரும் பூமாலை போடாது.

ஆனால் உங்கள் சிறைகளுக்குள் அடுத்த ஏழரை ஆண்டு நடந்தது ஊர்க்கோபத்தில் சேராது. கைகளைப் பின்னால் கயிற்றால் இறுக்கி, தோள்மூட்டு கழலும்வரை மேலே இழுத்து, தலையைக் கால் பக்கம் அழுத்துவது ஒரு முறை. அதில் பேசாதவர் கிடையாது. அமெரிக்கக் கைதிகளே அதை ஒளிக்கவில்லை. ஸ்டாக்டேல் பதினைந்து தடவை இப்படிச் சித்திரவதை செய்யப்பட்டார். நாலு வருடம் தனிமைச் சிறை, இரண்டு வருடம் காலில் இரும்பு. அதே கால், முறிந்த கால்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவர்கள் சுவரைத் தட்டிப் பேசியது. ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கழித்துவிட்டு, ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கிக்கொள்வார்கள். முதல் தட்டல்கள் எந்த வரிசை, அடுத்த தட்டல்கள் அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து. அவ்வளவுதான். விமானப்படைக் கைதி ஒருவர் 1965இல் இதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொடுக்க, அறை அறையாகப் பரவியது. விளக்குமாற்றால் முற்றம் பெருக்கும் சத்தத்தில்கூட அதே கணக்கில் செய்தி போனது. ஸ்டாக்டேல் இந்தத் தட்டலிலேயே ஒரு முழு நிர்வாகம் நடத்தினார். அவர் போட்ட விதிகள் சுருக்கமானவை. பலர் முன்னால் தலை வணங்காதே. வானொலியில் பேசாதே. குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாதே. போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகாதே. உன்னைவிட நம் ஒற்றுமை பெரிது.

இந்த விதிகளைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கயிறு எல்லோரையும் உடைக்கும் என்று அவருக்குத் தெரியும், தான் உடைந்ததையும் அவர் மறைக்கவில்லை. அதனால் சாகும்வரை தாங்கு என்று அவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. முடிந்தவரை தாங்கு, உடைந்தால் குறைவாகக் கொடு, மறுநாள் அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டும். உடைந்துபோய் அறைக்குத் திரும்புகிறவன் வெட்கத்தில் சுருண்டு கிடப்பான், பக்கத்துச் சுவர் தட்டும், நாங்களும் அப்படித்தான் என்று. உங்கள் பிரெஞ்சுக் காலக் கைதிகளும் அதே கட்டடத்தில் ஒருவரையொருவர் இப்படித்தானே தாங்கிப் பிடித்திருப்பார்கள்? இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைக்கும் வாய்ப்பு உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் புகைப்படச் சுவருக்கு வருகிறேன். கைதிகள் நன்றாக நடத்தப்படுகிறார்கள் என்று வெளியுலகத்துக்குக் காட்ட ஸ்டாக்டேலைப் படம் பிடிக்கத் திட்டமிட்டார்கள். முகம் மழித்துக்கொள்ளச் சவரக்கத்தி கொடுத்தார்கள். அவர் அதைக்கொண்டு தன் தலையின் நடுவே மழித்து, தோலையும் கிழித்துவிட்டார். ரத்தத்தைப் பார்த்தவர்கள், சரி, தொப்பி போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று தொப்பி தேடப் போனார்கள். அதற்குள் மர முக்காலியை எடுத்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார், கண் வீங்கி மூடும்வரை. படப்பிடிப்பு நடக்கவில்லை. உங்கள் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் முகங்களுக்கு நடுவே அவர் இல்லாததன் காரணம் இதுதான்.

1969 செப்டம்பர் தொடக்கத்தில், ஹோ சி மின் காலமான அதே நாட்களில், அடுத்த சுற்று வந்தது. மற்றக் கைதிகளின் ரகசியத் தொடர்புகளை அவர் வாயிலிருந்து வாங்க முயன்றார்கள். நண்பர்களைக் காட்டிக்கொடுக்க நேரும் என்று பயந்து அவர் தன் உயிரையே பணயம் வைத்துத் தன்னைக் காயப்படுத்திக்கொண்டார். காவலர்கள் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சித்திரவதை நின்றது. 1976இல் அதிபர் ஃபோர்டு அவருக்கு அணிவித்த மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது, இதற்காகக் கொடுத்தது. மொத்தம் 26 போர் விருதுகள் பெற்றவர், அதில் நாலு வெள்ளி நட்சத்திரம். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது வானத்தில் செய்ததற்காக இல்லை, உங்கள் தரையில் செய்ததற்காக.

இத்தனையிலும் அவர் மறைத்துக் காத்த மிகப் பெரிய ரகசியம், ஆகஸ்ட் 4 இரவு. அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அந்தப் பயம் இருந்தது. டோன்கினில் இரண்டாவது தாக்குதல் நடக்கவில்லை என்று தன் வாயால் வந்துவிட்டால், அமெரிக்க அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டார் என்று உலகம் பூராவும் போகும். உங்கள் விசாரணையாளர்கள் அவரிடம் போலி ஒப்புதல்களைக் கேட்டு நாட்களைக் கழித்தார்கள். உண்மையான ஒன்று அவரிடம் இருப்பதை அவர்கள் கேட்கவே இல்லை. சித்திரவதையின் லட்சணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கயிறு, கேட்டதை மட்டும்தான் சொல்ல வைக்கும்.

திரும்பிப் போன பிறகு அவர் அதை மூடி வைக்கவில்லை. 1984இல் மனைவி சிபிலோடு சேர்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிய நினைவு நூலில் அந்த இரவை முழுவதும் சொல்லிவிட்டார். உங்கள் தளபதி வோ இங்குயென் ஸியாப்பை 1995இல் ஹனோய்க்கு வந்து சந்தித்த மக்னமாரா, 1964இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர், ஆகஸ்ட் 4 அன்று என்ன நடந்தது என்று கேட்டபோது, ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பதில் வந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாய்வாளர் எழுதிய ரகசிய அறிக்கை 2005 கடைசியில் வெளிவந்தபோது, அதுவும் அதையேதான் சொன்னது. ஸ்டாக்டேல் அந்த ஆண்டு ஜூலை 5இல் இறந்துவிட்டார். நினைவை அரிக்கும் அல்சைமர் நோய் அதற்கு முன்பே அவரைப் பிடித்திருந்தது.

சிபிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் அறைகளில் கைதிகளின் மனைவிகளுக்கு இடமே இல்லை. நாலு மகன்களோடு கலிஃபோர்னியாவின் கொரோனாடோவில் இருந்த அவரிடம், வாயைத் திறக்காதே, கணவருக்கு ஆபத்து என்று சொன்னது அவருடைய சொந்த அரசாங்கம். கடற்படை உளவுத்துறையின் உதவியோடு அவர் ஒரு புகைப்படத்தை அனுப்பினார். ஸ்டாக்டேலின் தாய் கடலில் குளிப்பதுபோல் கடிதத்தில் எழுதியிருந்தது, படத்திலோ வேறொரு பெண். குழம்பிப்போன கணவர் யோசித்து யோசித்து, கடைசியில் அதைச் சிறுநீரில் ஊறவைத்தார். படத்தின் அடுக்கு பிரிந்து, உள்ளே செய்தி. அதன் பிறகு கண்ணுக்குத் தெரியாத எழுத்து விழும் கார்பன் தாளில் கைதிகளின் பெயர்ப் பட்டியல் சாதாரணக் கடிதங்களுக்கு நடுவே வெளியே போனது. இதைக் கண்டுபிடித்திருந்தால் உளவாளி என்று தண்டிக்க உங்களுக்குக் காரணம் கிடைத்திருக்கும், அவருக்கும் அது தெரியும். 1968இல் சிபில் பத்திரிகைகளிடம் வாயைத் திறந்தார், 1969 அக்டோபரில் பாரிஸுக்கே போய் உங்கள் தூதுக்குழுவைச் சந்தித்தார். கைதிகள் விஷயம் உலகப் பேச்சானதில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் நீங்கள் விடுவித்த ஒரு மாலுமியும் உண்டு: டக் ஹெக்டால். கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுந்து பிடிபட்ட அவரை மந்தபுத்திக்காரர் என்று காவலர்கள் நம்பினார்கள். அவரோ குழந்தைப் பாட்டு மெட்டில் 250க்கும் மேற்பட்ட கைதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சேர்ந்தார். அவர் கதைக்கு ஒரு தனி அறையே வைக்கலாம்.

உங்கள் பதில் எனக்கு ஓரளவு தெரியும். அவர்கள் போர்க் கைதிகள் அல்ல, குற்றவாளிகள் என்பது அன்றைய உங்கள் அரசின் நிலை. போர் அறிவிக்கப்படவே இல்லை, ஜெனீவா ஒப்பந்தத்தில் போர்க்குற்றம் குறித்து விலக்குப் போட்டுத்தான் கையெழுத்திட்டோம் என்பது வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1972 டிசம்பரில் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஹனோயின் காம் தியென் தெருவும் பாக் மாய் மருத்துவமனையும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் உறவினரைப் பறிகொடுத்த ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று, இவனுக்கா பலகை என்று கேட்டால், அவருக்குப் பதில் சொல்வது உங்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் மெக்கெய்னுக்கு ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் விழுந்த ட்ருக் பாக் ஏரிக்கரையில் அவரைச் சுட்டு வீழ்த்தியதற்காக எழுப்பிய சின்னத்தில், 2018இல் அவர் இறந்தபோது ஹனோய் மக்களே பூ வைத்தார்கள். உங்கள் அரசு நினைப்பதைவிட உங்கள் மக்களுக்கு மனம் பெரிது.

கோன் தாவ் தீவில் புலிக்கூண்டுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள். தெற்கு வியட்நாம் அரசு உங்கள் தோழர்களைக் குழியில் அடைத்து, மேலேயிருந்து சுண்ணாம்பைக் கொட்டியது. அமெரிக்க ஆலோசகர்களும் பணமும் அதற்குப் பின்னால் இருந்தன. அது 1970இல் வெளியே வந்தது அமெரிக்கர்கள் சிலரே உள்ளே போய்ப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டியதால். அவர்கள் தங்கள் அரசின் பொய்யைப் பாதுகாக்கவில்லை. அந்தப் படங்களை நீங்கள் இன்றும் பயன்படுத்துகிறீர்கள், பயன்படுத்தவும் வேண்டும். அதே நேர்மையை ஹோவா லோவிலும் எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு, நுழைவுச் சீட்டு வாங்கியவன் என்ற முறையிலாவது.

ஸ்டாக்டேலை அவர் நாடும் சரியாகப் பார்த்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். 1992இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோவுடன் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது தொலைக்காட்சி விவாதத்தில், நான் யார், ஏன் இங்கே இருக்கிறேன் என்று தத்துவக்காரராகத் தொடங்கினார். காது கேட்கும் கருவியை இயக்கி வைக்காததால், கேள்வியைத் திரும்பக் கேட்டார். அவ்வளவுதான், நாடே கேலி பேசியது. இப்போது மேலாண்மை வகுப்புகளில் அவர் பெயரை வைத்து ஒரு தன்னம்பிக்கைச் சூத்திரம் ஓடுகிறது. அந்த வகுப்புகளில் டோன்கின் இரவைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. 2009இல் அவர் பெயர் தாங்கிய ஒரு போர்க்கப்பலும் பணியில் சேர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்ன பகுதியை இரண்டு நாடுகளுமே கழித்துவிட்டன. அதை முதலில் திருப்பி எடுத்து வைக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்கு அதில் லாபமும் இருக்கிறது.

ஒரே ஒரு பலகை போதும். மெக்கெய்ன் உடைக்குப் பக்கத்துச் சுவரில் தாராளமாக இடம் இருக்கிறது. 1964 ஆகஸ்ட் 4 இரவு அவர் என்ன பார்த்தார், 1965 முதல் 1969 வரை இந்தக் கட்டடத்தில் அவருக்கு என்ன செய்யப்பட்டது, இரண்டையும் ஒரே பலகையில் எழுதுங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். வியட்நாமிய மொழியில் முதலில், அப்புறம் ஆங்கிலம், பிரெஞ்சு. சிபில் பெயரையும் சேருங்கள். படத்துக்கு அலைய வேண்டியதில்லை: பிடிபடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், தன் ஏ-4 விமானத்திலிருந்து அவர் இறங்கும் படம் ஒன்று அமெரிக்கக் கடற்படையின் கோப்பில் இருக்கிறது, அதற்கு யாரிடமும் காசு கொடுக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சிறையைப் பார்த்துச் சென்ற ஒரு தமிழன்